பார்த்த பிறகும் கடந்துபோகும் மாதங்கள்: சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களும் குழந்தைகளின் நரம்பு வளர்ச்சி வேறுபாடுகளும்

தேக்கா சந்தையிலிருந்து நடந்தே போய்விடும் தூரத்தில், புக்கிட் தீமா சாலையில் இருக்கிறது கேகே மகளிர், சிறார் மருத்துவமனை. 1924-இல் கண்டாங் கெர்பாவ் வட்டாரத்தில் மகப்பேற்று மருத்துவமனையாகத் திறக்கப்பட்டது. 1966-இல் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. ஒரே மகப்பேற்று மருத்துவமனையில் ஓராண்டில் நடந்த மிக அதிகப் பிரசவங்கள் என்று கின்னஸ் புத்தகம் அதைப் பல ஆண்டுகள் பதிந்து வைத்திருந்தது. 1997-இல் மருத்துவமனை இப்போதைய கட்டடத்துக்கு மாறியது. இன்று சிங்கப்பூரில் பாட்டி, தாத்தாவாக இருக்கும் பலர் அங்கே பிறந்தவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை என்றால், போக வேண்டிய குழந்தை வளர்ச்சித் துறையும் அதே மருத்துவமனையில்தான் இருக்கிறது. தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் குழந்தை வளர்ச்சிப் பிரிவு இன்னொன்று. நாட்டின் பெரும்பாலான பாலர் பருவப் பிள்ளைகள் வளர்ச்சிப் பரிசோதனைக்கு இந்த இரண்டு இடங்களுக்குத்தான் அனுப்பப்படுகிறார்கள்.

ஆகவே மருத்துவமனை இல்லை, மருத்துவர் இல்லை என்று இங்கே யாரும் சொல்ல முடியாது. அப்படியும் பிள்ளையிடம் ஏதோ வித்தியாசம் இருப்பதாகத் தாய்க்கு முதலில் தோன்றும் நாளுக்கும், அதை அவர் மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லும் நாளுக்கும் இடையே மாதங்கள் ஓடிவிடுகின்றன. அந்த மாதங்களில் அந்தத் தாயிடம் பேசுகிறவர்கள் மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டு அக்கா, கோயிலில் பார்க்கும் தெரிந்தவர், பாலர் பள்ளி ஆசிரியர். அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தே பரிசோதனை நாள் முன்னே வருகிறது, அல்லது தள்ளிப்போகிறது. கண்டறிதல் முதலில், ஏற்பு பிறகு என்று நாம் வரிசைப்படுத்திப் பேசுகிறோம். நடைமுறையில் வரிசை தலைகீழ். தன் பிள்ளையை ஊர் ஏற்றுக்கொள்ளும் என்ற நம்பிக்கை உள்ள குடும்பம்தான் சீக்கிரம் பரிசோதனைக்குப் போகிறது. இந்தக் கட்டுரை முன்வைக்கும் கருத்து இதுதான்.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாக்கிக்கொள்வோம். ஆட்டிசம், கவனக்குறைவு மிகைச்செயல்பாடு, மொழி வளர்ச்சித் தாமதம், அறிவுத்திறன் குறைபாடு, வாசிப்பில் இடர் தரும் டிஸ்லெக்சியா ஆகியவை மூளை நரம்பு வளர்ச்சியின் வேறுபாட்டால் வருபவை. இவை தொற்றுவதில்லை, வளர்ப்பில் நேர்ந்த தவறாலும் வருவதில்லை. உலகில் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் 2021-க்கான மதிப்பீட்டைத் தருகிறது. சிங்கப்பூரில் 150 பிள்ளைகளில் ஒருவர் என்ற கணக்கு நீண்ட காலமாகச் சொல்லப்பட்டுவருகிறது. இந்தியாவில் ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயது வரையிலான பிள்ளைகளை ஆராய்ந்து 2018-இல் வெளியான இன்க்ளென் ஆய்வு, எட்டுப் பிள்ளைகளில் ஏறத்தாழ ஒருவருக்கு இத்தகைய வேறுபாடு ஏதேனும் ஒன்றாவது இருப்பதாகச் சொன்னது. செவித்திறன் குறைபாட்டையும் வலிப்பையும் சேர்த்த கணக்கு அது.

எண்களில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2025 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை. எட்டு வயதுப் பிள்ளைகளில் 31 பேருக்கு ஒருவர் என்பது அதன் சராசரி. ஆனால் டெக்சஸ் மாநிலத்தின் லரேடோவில் 103 பேருக்கு ஒருவர். கலிஃபோர்னியாவில் ஆய்வு நடந்த பகுதியில் 19 பேருக்கு ஒருவர். ஒரே நாட்டுக்குள் ஐந்து மடங்கு வேறுபாடு. கலிஃபோர்னியாவின் அந்தப் பகுதியில் உள்ளூர்க் குழந்தை மருத்துவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் பயிற்சி கொடுத்து, சின்ன வயதிலேயே பரிசோதித்து அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது. தேடும் இடத்தில் எண்ணிக்கை கூடும். தேடாத இடத்தில் பிள்ளைகள் அடையாளம் தெரியாமலேயே வளர்கிறார்கள். சிங்கப்பூரிலும் இதே போக்குத்தான். வளர்ச்சிப் பிரச்சினை இருப்பதாகப் புதிதாகக் கண்டறியப்பட்ட பிள்ளைகள் 2010-இல் ஏறத்தாழ 2,500 பேர். 2014-இல் ஏறத்தாழ 4,000 பேர். நான்கே ஆண்டில் நோய் பெருகிவிட்டது என்று இதை வாசிக்கக் கூடாது. பெற்றோரும் ஆசிரியர்களும் கவனிக்கத் தொடங்கியதற்கு அதில் பெரிய பங்கு உண்டு.

இங்குள்ள ஏற்பாடு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சுகாதாரக் கையேடு உண்டு. தடுப்பூசிப் பக்கத்தை எல்லாரும் புரட்டுவார்கள். அதே கையேட்டில் வளர்ச்சிப் படிகளுக்கான கேள்விகள் உள்ளன. சில வாரக் குழந்தையிலிருந்து பள்ளிக்குப் போகும் வயது வரை குறிப்பிட்ட கட்டங்களில் பெற்றோர் நிரப்ப வேண்டியவை. பலதுறை மருந்தகத்தில் தாதியோ மருத்துவரோ அதைப் பார்த்து, ஐயம் இருந்தால் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அங்கே குழந்தை மருத்துவர், உளவியலாளர், பேச்சு சிகிச்சையாளர், செயல்முறை சிகிச்சையாளர் எனக் குழுவாகப் பார்க்கிறார்கள். தேவைப்பட்டால் எஸ்ஜி எனேபல் அமைப்பு வழியாக ‘எய்பிக்’ எனப்படும் ஆரம்பத் தலையீட்டுத் திட்டத்தில் இடம் கிடைக்கிறது. அவ்வா, ரெயின்போ சென்டர், எஸ்பிடி, தை ஹுவா குவான் முதலான சமூக சேவை அமைப்புகள் அந்த நிலையங்களை நடத்துகின்றன. 2019-இல் கட்டணம் கணிசமாகக் குறைக்கப்பட்டது. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தனித் திட்டமும் வந்தது. அதே ஆண்டில் கட்டாயக் கல்விச் சட்டம் மிதமான, கடுமையான சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. 1957-இல் மூளை முடக்குவாதப் பிள்ளைகளுக்காகவும் 1962-இல் அறிவுத்திறன் குறைபாடுள்ளவர்களுக்காகவும் தன்னார்வலர்கள் சங்கம் அமைத்த காலத்தோடு ஒப்பிட்டால் நாடு நெடுந்தூரம் வந்துவிட்டது.

இத்தனைக்கும் தொடக்கப்புள்ளி அந்தக் கையேட்டின் கட்டங்கள்தான். அதை நிரப்புகிறவர் தனியாக உட்கார்ந்து நிரப்புவதில்லை. வீட்டாரின் குரல்கள் காதில் ஒலிக்க ஒலிக்கத்தான் நிரப்புகிறார். “அவங்கப்பாவும் மூணு வயசுலதான் பேசினான்.” “ஆம்பளப் பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும்.” “வீட்ல பேச்சுத் துணைக்கு ஆள் இல்ல, பள்ளிக்கூடம் போனா சரியாயிடும்.” “யாரோ கண்ணு வெச்சிட்டாங்க, சுத்திப் போடு.” இவை கெட்ட எண்ணத்தில் சொல்லப்படுபவை அல்ல, பயந்துபோன தாயைத் தேற்றச் சொல்லப்படுபவை. சிலருக்கு அவை பலிக்கவும் செய்கின்றன. தாமதமாகப் பேசும் பிள்ளைகளில் பலர் பிறகு இயல்பாகப் பேசிவிடுவதால்தான் இந்த ஆறுதலுக்கு இவ்வளவு ஆயுள். ஆனால் எந்தப் பிள்ளை தானாகப் பேசும், எந்தப் பிள்ளைக்கு உதவி வேண்டும் என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல மாமியாராலும் முடியாது, மருத்துவராலும் சோதிக்காமல் முடியாது.

ஆறுதலுக்கு அடியில் அச்சமும் இருக்கிறது. பெயரோடு ஒரு முடிவு எழுத்தில் வந்துவிட்டால் நாளை பள்ளியில் ஒதுக்கிவிடுவார்களோ, அக்கா பெண்ணின் கல்யாணப் பேச்சில் இது அடிபடுமோ, ‘உங்க பக்கத்துலதான் இப்படி’ என்று மருமகள் மேல் பழி விழுமோ. சம்பந்தம் பேசும்போது குடும்பத்தின் உடல்நலத்தைத் துருவும் வழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. இந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கும்வரை, ‘சீக்கிரம் பரிசோதியுங்கள்’ என்ற சுவரொட்டியை எத்தனை இடத்தில் ஒட்டினாலும் பயன் குறைவு.

பழி பெண்ணின் மேல் விழுவது தமிழர்களின் தனிப் பழக்கமும் இல்லை. 1943-இல் லியோ கானர் ஆட்டிசம் உள்ள பதினொரு பிள்ளைகளை விவரித்து எழுதிய கட்டுரைக்குப் பிறகு, மேற்கத்திய மருத்துவ உலகமே தாயின் அன்பின்மைதான் காரணம் என்று ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நம்பியது. புருனோ பெத்தல்ஹைம் 1967-இல்கூட அதையே புத்தகமாக எழுதினார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லண்ட், இது உடலியல் சார்ந்தது என்று வாதாடி நூல் எழுதியிருந்தார். பின்னர் வந்த ஆராய்ச்சிகள் மரபணுக்களின் பெரும்பங்கைக் காட்டின. ஆட்டிசம் உள்ள பிள்ளையின் அடுத்த உடன்பிறப்புக்கு அது வரும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று என்பது 2024-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றின் கணக்கு. எம்எம்ஆர் தடுப்பூசிதான் காரணம் என்ற 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை ‘லான்செட்’ இதழ் 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இன்றைய புதுப் பழி கைப்பேசி. ‘எப்பப் பாத்தாலும் போன குடுத்தே வளத்துட்டா’ என்கிறார்கள். 18 மாதத்துக்குக் கீழே திரையே வேண்டாம், அதன்பின் ஆறு வயது வரை பள்ளி நேரத்துக்கு வெளியே நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக என்று 2025 ஜனவரியில் சுகாதார அமைச்சு வழிகாட்டி தந்திருக்கிறது. அதைக் கடைப்பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் கைப்பேசியைப் பிடுங்கி வைத்துவிட்டு ஆறு மாதம் காத்திருந்து பார்ப்பதைப் பரிசோதனைக்கு மாற்றாக நினைத்தால், பிள்ளையின் ஆறு மாதம் போய்விடும்.

பாட்டிமார்களிடம் இதை எப்படிச் சொல்வது? ஆங்கிலத் துண்டறிக்கையின் தமிழாக்கத்தைக் கையில் கொடுப்பதைவிட நல்ல வழி நம்மிடமே இருக்கிறது. பிள்ளைத்தமிழ் இலக்கியம் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பார்க்கிறது. தலையை நிமிர்த்தி அசையும் செங்கீரை, கை கொட்டும் சப்பாணி, முத்தம் கேட்டால் தரும் பருவம், ‘வா’ என்றால் வரும் வருகைப் பருவம், நிலாவைக் காட்டி விளையாட அழைக்கும் அம்புலிப் பருவம். எந்தப் பருவம் எந்த மாதம் என்று பாட்டியல் நூல்கள் கணக்கும் சொல்கின்றன; நூலுக்கு நூல் சற்று மாறும். இவை மருத்துவ நூல்கள் அல்ல. கவிஞர்கள் தெய்வத்தையும் தலைவனையும் குழந்தையாக்கிப் பாடியவை. ஆனாலும் கூர்ந்து பாருங்கள். 16 முதல் 30 மாதப் பிள்ளைகளுக்காக உலகெங்கும் பயன்படும் எம்-சாட் வினாப்பட்டியலின் 20 கேள்விகளில் முக்கியமானவை என்ன கேட்கின்றன? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை திரும்புகிறதா, நீங்கள் ஒன்றைச் சுட்டிக்காட்டினால் அந்தத் திசையில் பார்க்கிறதா, தனக்குப் பிடித்ததைத் தானே சுட்டி உங்களுக்குக் காட்டுகிறதா என்பவை. வருகையும் அம்புலியும் கவனித்தது இதையேதான். நிலாவைக் காட்டிச் சோறூட்டும்போது பிள்ளை விரலைப் பார்க்கிறதா, நிலாவைப் பார்க்கிறதா, பிறகு திரும்பி உங்கள் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறதா என்று கேட்டால் எந்தப் பாட்டிக்கும் விளங்கும். அவர் பல பிள்ளைகளை வளர்த்தவர். இளம் தாயைவிட அவருக்கு ஒப்பிட்டுப் பார்க்கத் தெரியும். இதுவரை தாமதத்துக்குக் காரணமானவராகவே சொல்லப்பட்ட பாட்டியை முதல் பார்வையாளராக ஆக்கிவிட இது வழி.

கவனிக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வயதில் மழலை இல்லை, கைநீட்டிச் சுட்டுவதில்லை. 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை. இரண்டு வயதில் தானாக இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை. எந்த வயதிலும் வந்த பேச்சு நின்றுபோனது. இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. பெண்பிள்ளைகளிடம் இன்னும் கவனம் வேண்டும். அமைதியான பெண், கூச்ச சுபாவம் என்று நாம் பாராட்டிவிடுவதாலேயே அவர்களில் பலர் தவறவிடப்படுகிறார்கள்.

பாட்டியைச் சேர்த்துக்கொள்வதில் மொழிச் சிக்கல் ஒன்று உண்டு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ், ஆங்கிலம் 48.3 விழுக்காடு. சிகிச்சையும் பாலர் பள்ளியும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். பேச்சுத் தாமதம் என்றதும் ‘ஒரே மொழியில் பேசுங்கள்’ என்ற அறிவுரை எங்கிருந்தாவது வந்துவிடுகிறது. தமிழ்தான் முதலில் வெளியேற்றப்படுகிறது. இந்த அறிவுரைக்கு ஆதாரம் இல்லை. கனடாவில் ஹாம்ப்ளி, ஃபொம்போன் 2012-இல் வெளியிட்ட ஆய்வு உட்படப் பல ஆய்வுகள், இருமொழிச் சூழலில் வளரும் ஆட்டிசப் பிள்ளைகளுக்கு அதனால் கூடுதல் மொழித் தாமதம் ஏற்படவில்லை என்று காட்டியுள்ளன. தமிழை நிறுத்தினால் நடப்பது வேறு. பகல் முழுதும் பிள்ளையோடு இருக்கும் பாட்டி, தனக்கு வசப்படாத ஆங்கிலத்தில் அரைகுறையாகப் பேசத் தொடங்குகிறார், அல்லது பேசுவதையே குறைத்துக்கொள்கிறார். அதிகம் பேச்சு தேவைப்படும் பிள்ளைக்குப் பேச்சு குறைகிறது. இதை நான் கொடுமை என்றே சொல்வேன். தாய்மொழிப் பாடத்திலிருந்து பள்ளியில் விலக்குப் பெறுவது வேறு விஷயம். சில பிள்ளைகளுக்கு அது தேவைப்படலாம். வீட்டுத் தமிழுக்கு யாரும் விலக்குக் கேட்க வேண்டியதில்லை.

வீட்டுக்கு வெளியே முதல் சாட்சி பாலர் பள்ளி ஆசிரியர். 2009-இல் லியென் அறநிறுவனமும் கேகே மருத்துவமனையும் மக்கள் செயல் கட்சியின் சமூக அறநிறுவனப் பாலர் பள்ளிகளோடு சேர்ந்து ஒரு முன்னோடித் திட்டத்தைத் தொடங்கின. அதுவரை பிள்ளை மருத்துவமனைக்கு வர வேண்டும். அந்தத் திட்டத்தில் சிகிச்சையாளர்கள் பள்ளிக்குப் போனார்கள். லேசான சிரமமுள்ள பிள்ளைக்கு அதன் சொந்த வகுப்பிலேயே, நண்பர்கள் நடுவிலேயே உதவி கிடைத்தது. 2012-இல் அது அரசுத் திட்டமாக விரிந்தது. 2016-இல் அவ்வா அமைப்பின் கின்டில் கார்டன், எல்லா வகைப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பாலர் பள்ளியாகத் தொடங்கியது. 2023-இன் பிற்பாதியிலிருந்து பாலர் பள்ளிகளில் இத்தகைய பிள்ளைகளுக்கான ஒருங்கிணைப்பாளர்களை நியமிக்கத் தொடங்கினார்கள். மருத்துவமனை வாசலை மிதிக்கத் தயங்கும் குடும்பம்கூடப் பள்ளிக்குள் நடக்கும் உதவிக்குச் சம்மதிக்கிறது. ஏற்பைப் பற்றிப் பாடம் நடத்தாமலேயே ஏற்பு வளர்கிற இடம் அது.

இன்னும் ஒரு படி கீழே இறங்கி, மருத்துவரோ சிகிச்சையாளரோ அல்லாதவர்களால் என்ன செய்ய முடியும்? தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இதற்கு நல்ல விடை. கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் தொடங்கிய அமைப்பு அது. உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, கிராமம் கிராமமாக வீட்டுக்கே அனுப்பி, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வளர்ச்சித் தாமதம் உள்ளவர்களைக் கண்டறிந்து பயிற்சியளிக்கிறார்கள். சிகிச்சையாளர் பின்னிருந்து வழிகாட்டுகிறார். வந்து நிற்பவர் ஊர்க்காரப் பெண் என்பதால் தாய் மனம் திறக்கிறார். கோவாவிலும் ராவல்பிண்டியிலும் நடந்து 2016-இல் ‘லான்செட் சைக்கியாட்ரி’யில் வெளியான பாஸ் ஆய்வும் இதை உறுதிசெய்தது. சாதாரணச் சுகாதாரப் பணியாளர்கள் ஆட்டிசப் பிள்ளைகளின் பெற்றோருக்குப் பயிற்சி தந்தபோது, பெற்றோர் பிள்ளையின் போக்கறிந்து பழகினார்கள். பிள்ளைகளும் தாமாகத் தொடர்புகொள்ள முன்வந்தது கூடியது.

சிங்கப்பூரில் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு 2016-இல் தொடங்கிய கிட்ஸ்டார்ட் திட்டம் வீட்டுக்குப் போய்ப் பேசுகிறது. தமிழர்களிடையே இன்னும் செய்யலாம். 1991-இல் உருவான சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா பீட்டி சாலையில் இருக்கிறது. பிள்ளைகளின் படிப்புக்காக அதை நாடும் பெற்றோருக்கு இளைய பிள்ளையும் இருக்கும். வீரமாகாளியம்மன் கோயில், டன்லப் தெருவின் அப்துல் கஃபூர் பள்ளிவாசல், ஷார்ட் தெருவின் தமிழ் மெதடிஸ்ட் தேவாலயம் எல்லாம் அங்கிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருப்பவை. வழிபாட்டிடங்களின் கூட்டம், மேளச் சத்தம், சாம்பிராணிப் புகை, நீண்ட வரிசை ஆகியவை பல ஆட்டிசப் பிள்ளைகளுக்குத் தாங்க முடியாதவை. பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு அலறும்போது நாலு பேர் திரும்பிப் பார்த்து ‘பிள்ளைய அடக்கத் தெரியல’ என்று முணுமுணுத்தால், அந்தக் குடும்பம் அடுத்த முறை வராது. கூட்டம் குறைந்த நேரத்தில் மாதம் ஒருமுறை மேளமில்லாத தரிசனம், வரிசையில் நிற்காமல் உள்ளே வர வழி, உட்கார அமைதியான மூலை, தொண்டர்கள் சிலருக்குப் பயிற்சி. இவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை. இப்படியொரு ஏற்பாட்டைப் பார்க்கும் மற்ற பெற்றோர், தங்கள் வீட்டுப் பிள்ளையைப் பற்றியும் பேசத் துணிவார்கள்.

வெளிப்படையாகப் பேசியவர்களால் வந்த மாற்றம் பெரிது. ஜாலான் புசார் குழுத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் டெனிஸ் புவா, ஆட்டிசம் உள்ள மகனின் தாய் என்பதை மறைக்காமல், 2004-இல் ஆட்டிசப் பிள்ளைகளுக்கான பாத்லைட் பள்ளியை உருவாக்கியவர்களில் ஒருவரானார். தமிழில் யெஸ். பாலபாரதி பெற்றோருக்காக எழுதிய ‘ஆட்டிசம்: சில புரிதல்கள்’ நூலும் ‘துலக்கம்’ நாவலும் இருக்கின்றன. சிங்கப்பூர்த் தமிழ்ப் பெற்றோர் தங்கள் அனுபவத்தைத் தமிழ் முரசிலும் ஒலி 96.8-இலும் அடிக்கடி சொல்லக் கேட்க வேண்டும். மருத்துவர் பேசினால் தகவல் வரும். இன்னொரு தாய் பேசினால் துணிவு வரும்.

எதிர்வாதங்களையும் ஒதுக்க முடியாது. அதிகம் பேரைக் கண்டறிந்தால் காத்திருக்கும் காலம் நீளும். பல மாதம் காத்திருக்கும் பெற்றோரின் தவிப்பு உண்மையானது. அதற்கு விடை சிகிச்சையாளர்களை, குறிப்பாகத் தமிழ் பேசுபவர்களை, பெருக்குவதுதான்; கண்டறிவதைக் குறைப்பது ஆகாது. ஆரம்பத் தலையீடு என்ற பெயரில் பிள்ளையை ‘மற்றவர்கள் மாதிரி’ ஆக்கப் பார்க்கிறார்கள் என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்களே எச்சரிக்கிறார்கள். அதை மதித்துக் கேட்க வேண்டும். கண்ணைப் பார்த்துப் பேச வற்புறுத்துவது, கை அசைப்பதைத் தடுப்பது போன்றவை பிள்ளைக்கு வேதனை தரலாம். தன் தேவையைச் சொல்லத் தெரிவது, தன்னால் ஆனதைச் செய்துகொள்வது, நட்பு கொள்வது ஆகியவையே நோக்கமாக இருக்கட்டும். முற்றிலும் குணமாக்குகிறோம் என்று விலை பேசுகிறவர்களிடமிருந்தும் பெற்றோரைக் காக்க வேண்டும். ஏற்பு குறைந்த இடத்தில்தான் அந்த வியாபாரம் கொழிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையை நிறைக்கும் வெளிநாட்டு ஊழியர்களை இந்தப் பேச்சில் யாரும் சேர்ப்பதில்லை. அவர்களில் பலர் தமிழ்நாட்டில் சின்னப் பிள்ளையை விட்டு வந்த தந்தையர். காணொளி அழைப்பில் ‘அப்பா’ என்று கூப்பிடாத பிள்ளை கோபித்துக்கொண்டிருக்கிறது, தன்னை மறந்துவிட்டது என்று அவர்கள் நினைக்கக்கூடும். இந்தியாவில் 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் பிள்ளைகளைப் பரிசோதித்து, மாவட்ட ஆரம்பத் தலையீட்டு மையங்களுக்கு அனுப்புகிறார்கள்; சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுள்ளவர்களுக்காக 2005-இல் அமைந்த தேசிய நிறுவனமும் இருக்கிறது. லிட்டில் இந்தியாவில் ஊழியர்களுக்கு உதவும் அமைப்புகள் இந்தத் தகவலை ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்தால், அது காரைக்குடிக்கும் மன்னார்குடிக்கும் போய்ச் சேரும்.

இதை வாசிக்கும் உங்கள் வீட்டிலோ உறவிலோ மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால், அதன் சுகாதாரக் கையேட்டைத் திறந்து வளர்ச்சிக் கேள்விகளைப் பாட்டியோடு உட்கார்ந்து நிரப்புங்கள். ஒரு கேள்வியில் தயக்கம் வந்தாலும், அடுத்த தடுப்பூசி நாள் வரை காத்திராமல் பலதுறை மருந்தகத்தில் நேரம் வாங்கி, குழந்தை வளர்ச்சித் துறைக்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்று நேராகக் கேளுங்கள். அந்தப் பிள்ளையின் தாய் உங்களிடம் தன் ஐயத்தைச் சொன்னால், ‘எல்லாம் சரியாயிடும்’ என்று சொல்லி அனுப்பாமல், எந்த நாள் போகிறாய், நானும் கூட வருகிறேன் என்று சொல்லுங்கள்.